ஓந்தியின் பெயர் உடும்புக்குப் போன கதை

குமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தங்கரையில் வெயில் ஏறத் தொடங்கும் நேரம். வயல் வரப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, நீண்ட வாலை இழுத்தபடி ஒரு பெரிய விலங்கு கடந்து போகிறது. களை பறிக்கும் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அது உடும்பு. பறவை பார்க்க வெளியூரிலிருந்து அப்பாவோடு வந்த சிறுவன் மட்டும் துள்ளுகிறான்: "அப்பா, இகுவானா!"

இதே காட்சி சென்னைக்கு அருகே தலைகீழாக நடக்கும். மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள முதலைப் பண்ணையில் பச்சை நிற இகுவானா கிளையில் படுத்திருக்கும். நாகர்கோவிலிலிருந்து சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று கூண்டின் முன்னால் நிற்கும். பாட்டி சொல்லுவாள்: "இதென்ன அதிசயம், நம்ம ஊரு உடும்புல்லா இது!"

சிறுவன் உடும்பை இகுவானா என்கிறான். பாட்டி இகுவானாவை உடும்பு என்கிறாள். இரண்டும் ஒன்றுதானா? நம் ஊர் உடும்புக்கு வெளிநாட்டில் வழங்கும் பெயர்தான் இகுவானாவா? இல்லையென்றால் இத்தனை பேருக்கு ஏன் இந்தக் குழப்பம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒரு கடலையும் ஒரு நாக்கையும் கடக்க வேண்டியிருக்கிறது. முதலில் கடல்.

ஒரு தீவுச் சொல்

1492 அக்டோபர் 21. கொலம்பஸின் கப்பல்கள் இன்றைய பஹாமாஸ் தீவுகளில் நின்றிருந்தன. ஒரு நீர்நிலையைச் சுற்றி நடந்தபோது அவருடைய ஆட்கள் ஒரு விலங்கைக் கண்டு கொன்றார்கள். ஏழு சாண் நீளம். கொலம்பஸ் அதைத் தம் குறிப்பேட்டில் 'பாம்பு' என்று எழுதினார். தோலை உரித்து எடுத்துக்கொண்டார். கால் உள்ள பாம்பு! அது இகுவானாவாகத்தான் இருந்திருக்கும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

அந்தத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: 'இவானா'. ஸ்பானியர்கள் அதைக் கேட்டபடி எழுதி, 'இகுவானா' ஆக்கினார்கள். இந்தப் பெயருக்குப் பொருள் என்ன என்று கேட்பவர்களுக்கு நேரான விடை இதுதான்: தைனோ மொழியில் அந்த விலங்கின் பெயரே அது. நாம் 'காகம்' என்பதுபோல் அவர்கள் 'இவானா' என்றார்கள்.

ஸ்பானியர் வந்த சில பத்தாண்டுகளில் புதுநோய்களும் கட்டாய உழைப்பும் தைனோ மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. அவர்கள் மொழியும் பேச ஆளின்றி மறைந்தது. ஆனால் சில சொற்கள் தப்பிப் பிழைத்தன. அவற்றுள் ஒன்றை நாமே நாள்தோறும் சொல்லுகிறோம். கரீபியத் தீவுகளின் 'குவயாபா' போர்த்துகீசியர் வாயில் 'கொயாபா' ஆகி, கப்பலேறி வந்து, தமிழில் 'கொய்யா' ஆயிற்று. நம் வீட்டுப் புழக்கடையில் நிற்கும் கொய்யாவும் காட்டில் கிளை பற்றும் இகுவானாவும் ஒரே தீவுக்கூட்டத்துப் பெயர்களைச் சுமக்கின்றன.

1758-இல் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் உயிர்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது இந்தச் சொல்லை அறிவியலுக்குள் எடுத்துக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1768-இல், ஆஸ்திரியாவின் லாரென்ட்டி அதைப் பேரினப் பெயராகவும் ஆக்கினார். இன்று பச்சை இகுவானாவின் அறிவியல் பெயர் 'இகுவானா இகுவானா'.

பெயர் கப்பலேறியது

ஐரோப்பியர்கள் தங்கள் ஊரில் பார்த்து வளர்ந்த பல்லி இனங்கள் பெரும்பாலும் சிறியவை. ஆள் நீளத்துக்கு ஒரு பல்லி இருக்கும் என்பது அமெரிக்கத் தீவுகளில்தான் அவர்களுக்குத் தெரியவந்தது. அங்கே கற்ற பெயர் மனத்தில் பதிந்துவிட்டது. பிறகு உலகில் எங்கே போய் எந்தப் பெரிய பல்லியைக் கண்டாலும் அதே பெயரை ஒட்டினார்கள். இகுவானா என்பது ஒரு விலங்கின் பெயராக இருந்த நிலை மாறி, 'பெரிய பல்லி' என்ற அளவுக்குறிப்பாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் இகுவானா ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அங்குள்ள உடும்புகளுக்கு இன்றும் 'கோவானா' என்றுதான் பெயர். 'இகுவானா' தேய்ந்து வந்த சொல் அது. தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்கள் உடும்பை 'லிக்கவான்' என்பார்கள். அதுவும் இகுவானாவின் திரிபே. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்ட ஆங்கிலேயர்கள் உடும்பைக் 'குவானா', 'இகுவானா' என்றே எழுதிவைத்தார்கள். தேரூரில் துள்ளிய சிறுவனின் தவறுக்கு ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. இலங்கையில் சிங்களர்கள் தரையுடும்பைத் 'தலகொய' என்றும் நீருடும்பைக் 'கபரகொய' என்றும் சொல்லுகிறார்கள். 'கொய', 'கோவானா' இரண்டும் ஒலியில் நெருங்கி நிற்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று தோன்றும். வரவில்லை. 'கொய' என்பது சமஸ்கிருத 'கோதா'வின் வழி வந்தது. இந்தியில் 'கோ' என்று வழங்குவதும் அதன் உறவே. தைனோ மக்களோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஒலி ஒத்திருப்பதாலேயே இரண்டு சொற்கள் உறவாகிவிடா. உருவம் ஒத்திருப்பதாலேயே இரண்டு விலங்குகளும் உறவாகிவிடா என்பதைச் சற்று நேரத்தில் பார்க்கப் போகிறோம்.

உடும்பு சுமந்த பெயர்கள்

உடும்புக்கு நம் பக்கத்தில் பெயர்ப் பஞ்சம் இல்லை. தமிழிலும் மலையாளத்திலும் உடும்பு, தெலுங்கில் உடுமு, கன்னடத்தில் உட. நான்கு மொழிகளும் ஒரே வேரில் நிற்பதைப் பார்த்தால், இந்த விலங்கை நம்மவர்கள் எவ்வளவு காலமாக அறிந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். சங்கப் பாடல்களிலும் உடும்பு வருகிறது.

அறிவியல் உலகில்தான் அது பெயர் பெயராக மாறிக்கொண்டிருந்தது. 1802-இல் பிரான்சின் தோதென் வங்காள உடும்பை, அதாவது நாம் பார்க்கும் இதே உடும்பை, 'டுபினாம்பிஸ்' என்ற பேரினத்தில் சேர்த்தார். டுபினாம்பா என்பது பிரேசிலில் வாழ்ந்த ஒரு பழங்குடியின் பெயர்! 1648-இல் வெளியான பிரேசில் இயற்கை வரலாற்று நூல் ஒன்றில், ஒரு பல்லியின் பெயரைச் சொல்லி, 'இது டுபினாம்பா மக்கள் வழங்கும் பெயர்' என்ற பொருளில் குறித்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த மக்களின் பெயரையே பல்லியின் பெயராகப் படித்துவிட்டார்கள். அந்தப் பிழை நீண்டு, தோவாளைப் புற்றில் படுத்திருக்கும் உடும்பின் தலையில் பிரேசில் பழங்குடியின் பெயர் வந்து உட்கார்ந்தது.

1820-இல் ஜெர்மானியர் மெர்ரெம் 'வரானஸ்' என்ற பேரினத்தை அமைத்தார். இது 'வரல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உடும்பு வகைக்கு அரேபியர் வழங்கும் பெயர். இதிலும் ஒரு குழப்பம் நேர்ந்திருந்தது. அரபுச் சொல்லின் ஒலி, 'எச்சரி' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை நினைவூட்டியதால், 'முதலை வருவதை எச்சரிக்கும் பல்லி' என்று கதை கட்டினார்கள். அதன் லத்தீன் மொழிபெயர்ப்பே 'மானிட்டர்'. இன்று ஆங்கிலத்தில் உடும்பை 'மானிட்டர் பல்லி' என்பது அப்படித் தவறாகக் கேட்டதன் மிச்சம்.

அறிவியல் உலகம் வழங்கிய பெயர்களில் பலவும் அந்த விலங்கைப் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, இனி விலங்கைப் பார்ப்போம்.

மூன்று விலங்குகள், ஒரு சோதனை

பக்கத்தில் பக்கத்தில் மூன்று விலங்குகளை நிறுத்திப் பார்க்கலாம். ஒன்று பச்சை இகுவானா. இரண்டாவது தேரூர் உடும்பு. மூன்றாவது தோவாளைப் பிச்சித் தோட்டத்து வேலியில் தலையாட்டும் ஓணான். கண்ணுக்கு எது எதற்குச் சொந்தம் என்று படும்? இகுவானா ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரும். உடும்பும் அதே அளவுக்கு வரும். ஓணான் வாலோடு சேர்த்தும் ஒரு முழம் தேறாது. அளவை வைத்துப் பார்த்தால் இகுவானாவும் உடும்பும் அண்ணன் தம்பி, ஓணான் அயலான்.

இப்போது நாக்கைக் கவனியுங்கள்.

உடும்பு நடக்கும்போது நீண்ட நாக்கை வெளியே நீட்டி நீட்டி இழுக்கும். நுனி பாம்பின் நாக்கைப்போல் ஆழமாக இரண்டாகப் பிளந்திருக்கும். 17-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ், 1681-இல் வெளியிட்ட நூலில் கபரகொயவைப் பற்றி எழுதியபோது அதன் நீலநிறப் பிளவுநாக்கையும் சீறலையும் தவறாமல் குறித்தார். பார்ப்பவர் அஞ்சும் தோற்றம். ஆனால் அது கொட்டாது என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்த நாக்கின் வேலை மோப்பம். வரப்பின் மேல் ஓர் எலி ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வாசனைத் துகள்கள் மண்ணில் படிந்திருக்கும். உடும்பின் நாக்கு நுனிகள் இரண்டும் விலகி, வலப்பக்கத் துகளையும் இடப்பக்கத் துகளையும் தனித்தனியே தொட்டு எடுக்கும். நாக்கை உள்ளே இழுத்ததும், வாயின் மேலண்ணத்தில் உள்ள இரண்டு சிறு அறைகளுக்கு அந்த வாசனை போய்ச் சேரும். இதை வாய்மோப்ப உறுப்பு என்று அழைப்போம். வலப்பக்கம் வாசனை கூடுதலாக இருந்தால் எலி வலப்பக்கமாகப் போயிருக்கிறது. உடும்பு வலப்பக்கம் திரும்பும். இரண்டும் சமமாக இருந்தால் நேரே நடக்கும். நமக்கு இரண்டு காது இருப்பதால் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிவதுபோல், உடும்புக்கு நாக்கின் இரண்டு நுனிகள் வாசனையின் திசையைச் சொல்லுகின்றன. ஆனால் இந்த மெல்லிய நாக்கால் இரையைத் தூக்க முடியாது. நண்டோ நத்தையோ முட்டையோ, எதுவானாலும் உடும்பு தாடையால்தான் கவ்வும்.

ஓணானின் நாக்கைப் பார்த்திருக்கிறீர்களா? தடித்தது, குட்டையானது, சதைப்பற்றுள்ளது. வேலியில் அசையாமல் காத்திருக்கும். எறும்போ பூச்சியோ அருகில் வந்ததும் பாய்ந்து, ஈரமான நாக்கை அதன்மேல் ஒட்டி வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். அதற்கு நாக்கு ஒரு கை. இரையைத் தேடுவது கண்ணின் வேலை. பச்சோந்தியிடம் இதே நாக்குதான் நீண்டு, கவண் எறிவதுபோல் பாயும் கருவியாகியிருக்கிறது.

இகுவானா? வாயைத் திறந்தால் ஓணானின் அதே தடித்த நாக்கு. இலையை நாக்கால் தொட்டு எடுத்து வாய்க்குள் தள்ளும்.

நாக்கோடு முடியவில்லை. இகுவானாவின் முதுகு நெடுக முள்முள்ளாகச் செதில் வரிசை நிற்கும், ஓணானுக்கும் உண்டு. உடும்பின் முதுகு மணிமணியான சிறுசெதில்களால் ஆனது, வரிசை முள் கிடையாது. இகுவானாவின் தொண்டையில் தாடிபோல் ஒரு தோல்மடி தொங்கும். எதிரிக்கு முன்னால் அதை விரித்துத் தலையை ஆட்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் தொண்டை சிவக்கத் தலையாட்டுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உடும்பு அப்படித் தலையாட்டி மிரட்டுவதில்லை; தொண்டையை உப்பிச் சீறும், வாலால் அறையும்.

அளவை ஒதுக்கிவிட்டால் இகுவானா ஒரு பெரிய ஓணான்.

ஒரே சாட்சி போதாது

அப்படியானால் நாக்கு ஒன்றே போதுமா? அவசரப்படக் கூடாது. வேறு இரண்டு சாட்சிகளையும் விசாரித்துவிடலாம்.

முதலாவது வால். இகுவானாவின் வாலை எதிரி பிடித்தால் அது முறிந்து கழன்றுவிடும். பிறகு புதுவால் வளரும். ஓணானுக்கு இந்த வித்தை தெரியாது. உடும்புக்கும் தெரியாது. வால் மட்டும் சாட்சி சொன்னால் ஓணானும் உடும்பும் ஒரு பக்கம், இகுவானா தனிப் பக்கம்.

இரண்டாவது பல். ஓணானின் பற்கள் தாடை எலும்பின் விளிம்பிலேயே ஒட்டி வளர்ந்தவை. இகுவானாவுக்கும் உடும்புக்கும் பற்கள் தாடையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். இந்தச் சாட்சி இகுவானாவை உடும்பின் பக்கம் தள்ளுகிறது.

நாக்கு ஒன்று சொல்ல, வாலும் பல்லும் வேறு வேறு சொல்லுகின்றன. தீர்ப்பு மரபணுவிடம் போயிற்று. மரபணு எழுத்துகளை ஒப்பிட்டபோது, இகுவானா, ஓணான், பச்சோந்தி மூன்றும் ஒரே கிளையில் வந்தன. உடும்பு வேறு கிளை. அந்த இரண்டு கிளைகளும் டைனோசர்கள் உலவிய காலத்திலேயே பிரிந்துவிட்டன.

அதோடு மரபணு ஒரு வியப்பையும் தந்தது. தடித்த நாக்கை வைத்து, ஓணானின் கிளைதான் பல்லிக் குடும்பத்திலேயே முதலில் பிரிந்த பழைய கிளை என்று அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 2005-ஐ ஒட்டி வெளியான மரபணு ஆய்வுகள் அதை மறுத்தன. பாம்பு, உடும்பு, ஓணான் ஆகிய மூன்று கிளைகளும் வீட்டுப் பல்லியையும் அரணையையும்விட ஒன்றுக்கொன்று நெருக்கமானவை என்று அவை காட்டின. யார் யாருடைய கூட்டம் என்று நாக்கு சரியாகச் சொன்னது. யார் மூத்தவர் என்பதில் தவறிவிட்டது. ஒரு சாட்சியை எதுவரை நம்பலாம் என்பதையும் சோதித்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

பல் சொன்ன இன்னொரு கதை

பல்லின் சாட்சி இங்கே தோற்றாலும், வேறோர் இடத்தில் புகழ் பெற்றது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் கிடைத்த சில கல்லாகிப்போன பற்கள் எந்த விலங்குடையவை என்று தெரியாமல் கிடியன் மான்டெல் என்ற மருத்துவர் திணறிக்கொண்டிருந்தார். லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இகுவானாவின் எலும்புக்கூட்டைக் காட்டினார்கள். ஓரம் ரம்பம்போல் வெட்டுப்பட்ட, இலை வடிவப் பற்கள்; அளவில் சிறியவை, அமைப்பில் அதேதான். 1825-இல் மான்டெல் அந்தப் பழைய விலங்குக்கு 'இகுவானோடான்' என்று பெயரிட்டார். 'இகுவானாப் பல்' என்று பொருள். அறிவியல் பெயர் பெற்ற இரண்டாவது டைனோசர் அது. தைனோ மக்களின் சொல் டைனோசர் வரைக்கும் போய்விட்டது.

அந்த ரம்பப் பற்கள் இலை கத்தரிக்க ஏற்பட்டவை. பச்சை இகுவானா இலை, பூ, பழம் தின்று வாழும் விலங்கு. இலையைச் செரிக்க மாட்டுக்கு இரைப்பையில் நுண்ணுயிர்கள் உதவுவதுபோல், இகுவானாவுக்குப் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் உதவுகின்றன. முட்டையிலிருந்து வரும் குஞ்சிடம் அவை கிடையாது. ஆகவே குஞ்சுகள் பெரியவற்றின் எச்சத்தைத் தின்று அந்த நுண்ணுயிர்களைப் பெற்றுக்கொள்கின்றன.

உடும்போ ஊன் உண்ணி. வண்டு, நண்டு, தவளை, எலி, செத்த உடல் எதையும் விடாது. வயலில் அது செய்யும் துப்புரவுக்குக் கூலி கிடையாது. முட்டையிடச் சில வேளை கறையான் புற்றைத் தேடும். புற்றுக்குள் வெப்பமும் ஈரமும் சீராக இருக்கும். பல மாதம் அந்த மண்ணுக்குள் இருந்தே குஞ்சு பொரியும். வரப்பைச் சமப்படுத்தும்போது ஒரு புற்றை இடித்தால், உள்ளே ஓர் ஈற்று உடும்பு அழியக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தமிழ் சரியாகச் சொன்னது

இகுவானாவுக்குத் தமிழில் 'பேரோந்தி' என்று ஒரு பெயர் வழங்குகிறது. ஓந்தி என்பது ஓணானுக்குப் பழைய தமிழ்ப் பெயர். மலையாளத்தில் இன்றும் 'ஓந்து' தான். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் இரண்டு மொழியும் கலந்து பேசுகிறவர்களுக்கு இது புதிய சொல்லே அல்ல. நிறம் மாறுவது பச்சோந்தி, பெரியது பேரோந்தி. ஓணான், பச்சோந்தி, இகுவானா மூன்றையும் ஒரே வேர்ச்சொல்லில் கட்டிவைத்தால், மரபணு வரைந்த கிளையே கண்முன் வருகிறது. உடும்புக்குத் தனி வேர். அதற்கும் தனிக் கிளை. முதுகின் முள்ளையும் தலையாட்டலையும் உற்றுப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம்; அதனால்தான் இது பொருந்துகிறது போலும். அளவை மட்டும் பார்த்து வைத்த பெயர் மூன்று கண்டங்களில் தவறிப்போனது.

பெயர் தவறினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். உடும்பின் உயிரே போகிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது; புலிக்கு உள்ள அதே காப்பு. பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் குற்றம். ஆனாலும் தைலத்துக்கும் கறிக்கும் அதைக் கொல்கிறார்கள். ஆண் உடும்பின் இனப்பெருக்க உறுப்பை உலர்த்தி, 'ஹத்தா ஜோடி' என்று பெயரிட்டு, அதிர்ஷ்டம் தரும் அரிய செடியின் வேர் என்று விற்கிறார்கள். வாங்குகிறவருக்குத் தாம் பூசை அறையில் வைப்பது ஓர் உடும்பின் உடல் என்பதே தெரியாது. பொய்ப்பெயர் ஒரு கொலையை மூடி மறைக்கிறது.

இகுவானாவின் நிலை வேறு. அது நம் மண்ணின் விலங்கு அல்ல, வளர்ப்புக்காக வந்தது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பதால், 2022-இல் திருத்திய சட்டமும் 2024-இல் வந்த விதிகளும் வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வளர்க்க முடியவில்லை என்று அதைக் குளக்கரையில் விடுவது, பதிவு செய்யாமல் இருப்பதைவிடப் பெரிய தவறு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இப்படித் தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய பச்சை இகுவானாக்கள், தோட்டங்களைத் தின்று கால்வாய்க் கரைகளைத் தோண்டி, பெருந்தொல்லையாகிவிட்டன.

"உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. பிடியில் சிக்கியவன் சொன்னதாக இருக்க வேண்டும். இன்று அதை உடும்பின் பக்கமிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது: நாம் கையை விட்டால் போதும், அது தன் புற்றுக்குப் போய்விடும்.

தேரூர்க் கரையில் அந்தச் சிறுவன் இன்னும் கைபேசியோடு நின்றுகொண்டிருந்தால், அவனிடம் ஒன்றே ஒன்று சொல்லலாம். தம்பி, பத்தடி தள்ளி நின்று அதன் நாக்கைப் பார். இரண்டாகப் பிளந்த நாக்கு மண்ணைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறதா? அப்படியானால் அது உடும்பு. நீ சொன்ன இகுவானாவின் சொந்தக்காரன் உனக்குப் பின்னால் வேலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறான்.